பத்து மணிக்குள் ஓர் இரவு: கூடுவாஞ்சேரியிலிருந்து டெக்னோவுக்கு வழி

கூடுவாஞ்சேரியில் மின்ரயில் ஏறித் தெற்கே போனால் பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் தாண்டி மூன்றாவது நிலையம் மறைமலை நகர். 1990-களின் பிற்பாதியில் ஃபோர்டு நிறுவனத்தின் கார்கள் அங்கே உருவாகத் தொடங்கின. சென்னை வட்டாரத்துக்கு 'இந்தியாவின் டெட்ராயிட்' என்ற பெயர் நிலைத்ததில் அந்த ஆலைக்கும் பங்கு உண்டு. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரின் கடைசி கார் வெளியே வந்தது. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் இயக்க விரும்புவதாக நிறுவனம் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது.

டெட்ராயிட் இந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் முன்பே பார்த்த ஊர். கார் ஆலைகளில் மனிதக் கைகளின் இடத்தை இயந்திரக் கைகள் பிடித்துக்கொண்டிருந்த 1980-களில், அங்கே பிறந்த இசைதான் டெக்னோ. நகருக்குத் தென்மேற்கே உள்ள பெல்வில் என்ற சிற்றூரில் ஒன்றாகப் படித்த ஹுவான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்கள் அதன் முன்னோடிகள். தங்கள் ஊரின் புகழ்பெற்ற மோட்டவுன் இசையைவிட ஃபோர்டு ஆலையின் ரோபோக்களில்தான் தனக்கு ஆர்வம் அதிகம் என்று ஆட்கின்ஸ் ஒரு பேட்டியில் சொன்னார். கார் ஆலையும் பொறியியல் கல்லூரியும் ஷிஃப்ட் பேருந்தும் சூழ்ந்த ஜிஎஸ்டி சாலையில் வளரும் ஒருவருக்கு இந்த இசை அந்நியமாக இருக்கக் காரணமே இல்லை.

இந்த அத்தியாயம் மூன்று பேருக்கானது: டெக்னோவை இனிமேல் கேட்கப் போகிறவர், ஒரு கிளப் இரவுக்குப் போய்ப் பத்திரமாக வீடு திரும்ப நினைப்பவர், ஒருநாள் தானே டிஜே மேசைக்குப் பின்னால் நிற்க ஆசைப்படுபவர். மூவருக்கும் பொதுவான செய்தி ஒன்றுதான். விடிய விடிய டெக்னோவுக்கு ஆடும் பெர்லின் நகரை இங்கே நகலெடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். இந்த இசைக்குத் தேவை இருட்டு அல்ல, இடைவிடாத நான்கைந்து மணி நேரம். அதை மாலையிலேயே கொடுத்துவிடலாம்.

காதைப் பழக்குவது

டெக்னோவின் முதுகெலும்பு கிக், அதாவது பேஸ் டிரம்மின் அடி. ஒரு தாளவட்டத்துக்கு நான்கு அடி, நான்கும் சம இடைவெளியில், சம அழுத்தத்தில். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 125 முதல் 140 அடி வரை. இப்போது பரவலாக ஒலிக்கும் 'ஹார்ட் டெக்னோ' 150-ஐயும் தாண்டுகிறது. வேகம் 130 என்றால் ஒவ்வோர் அடிக்கும் இடையே அரை வினாடிக்குச் சற்றுக் குறைவான நேரம். 64 அடி கொண்ட ஒரு பகுதி ஏறக்குறைய 30 வினாடி நீளும். பெரும்பாலான மாற்றங்கள் இந்த எல்லைகளில்தான் நடக்கும்: ஒரு ஹை-ஹாட் சேரும், ஒரு பாஸ் விலகும், ஒரு சுரம் மெல்லத் திறக்கும்.

பல்லவி எப்போது வரும் என்று காத்திருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே அலுப்புத் தட்டும். அடுத்து என்ன சேரப்போகிறது, எது விலகப்போகிறது என்று கவனித்தால் அதே பத்து நிமிடம் பிடித்துக்கொள்ளும். முதல் வாரத்தில் ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, நல்ல ஹெட்போனில், முப்பது வினாடிக்கு ஒருமுறை என்ன மாறியது என்று தாளில் குறித்துப் பார்ப்பது சிறந்த பயிற்சி. போன் ஸ்பீக்கரில் கேட்கவே கூடாது; கிக்கின் அடிப்பகுதி அதில் வராது.

உறவினர்களைப் பிரித்தறிவதும் அவசியம். ஹவுஸ் சற்று நிதானமானது, 120-ஐ ஒட்டியது, குரலும் பியானோவும் நிறைந்தது. கோவாவில் வேர்விட்ட சைட்ரான்ஸ் 140-க்கு மேல் ஓடும்; அதன் பாஸ் குதிரைக் குளம்படியாக உருளும். மாமல்லபுரம் பக்கத்து விடுதி நிகழ்ச்சிகளின் சுவரொட்டிகளில் 'டெக்னோ' என்ற சொல் இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகத் திரிவதுண்டு. டிஜேயின் பழைய செட் ஒன்றை முன்கூட்டியே கேட்டுவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

முதலில் கேட்க வேண்டியவை

வரலாற்று வரிசையில் கேட்டால் காது வேகமாகத் தெளியும். ஆட்கின்ஸ், ரிக் டேவிஸ் இருவரின் சைபோட்ரான் குழு 1983-ல் வெளியிட்ட 'கிளியர்' தொடக்கத்துக்கு ஏற்றது. பிறகு ஆட்கின்ஸ் 'மாடல் 500' என்ற பெயரில், தன் சொந்த லேபிளான மெட்ரோபிளெக்ஸில் 1985-ல் கொண்டுவந்த 'நோ யூஎஃப்ஓஸ்'. டெரிக் மேயின் 1987-ஆம் ஆண்டு 'ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்'. 1988-ல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பு ஆல்பம்தான் 'டெக்னோ' என்ற பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. அடுத்த தலைமுறையில் ராபர்ட் ஹுட்டின் 'மினிமல் நேஷன்' (1994), ஜெஃப் மில்ஸின் 'தி பெல்ஸ்'. கடைசி இரண்டையும் கேட்டவருக்கு இன்றைய டெக்னோவில் பாதி ஏற்கெனவே பழக்கமானதாகத் தோன்றும்.

கருவிகளின் கதையும் இதனுடன் சேர்ந்தது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் பாஸ் கித்தார்காரருக்கு மாற்றாகக் கொண்டுவந்த டிபி-303, டிரம்மருக்கு மாற்றாகக் கொண்டுவந்த டிஆர்-909 இரண்டும் சந்தையில் தோற்றன. அடகுக்கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் மலிவாகக் கிடைத்ததால்தான் சிகாகோ, டெட்ராயிட் இளைஞர்களின் கைக்கு எட்டின. சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987-ல் டிபி-303-ன் குமிழ்களைத் திருகிப் பிழிந்தெடுத்த ஒலிக்கு 'ஆசிட்' என்று பெயர் வந்தது.

அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, அதே கருவியில், பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்திருந்தார். அந்த 1982-ஆம் ஆண்டு இசைத்தட்டை அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ போமன் மறுவெளியீடு செய்தபிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்துக் காட்டிய சிங் 2015-ல் காலமானார். இன்னும் பின்னால் போனால், 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னிசைக் கூடம் இருந்தது. அங்கே உருவான பதிவுகள் 2023-ல் தொகுப்பாக வெளிவந்தன.

தமிழ்க் காதுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' (1986) இசைப்பதிவில் சீக்குவென்சர் ஒலித்த விதத்தைப் பாடல் வரிகளை மறந்து கேட்டுப் பார்க்கலாம். லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழர் மாயா அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் 2005-ல் வெளியிட்ட 'அருளர்' ஆல்பத்தின் பாடல்கள் ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் முளைத்தவை. இரண்டுமே டெக்னோ அல்ல. ஆனால் இயந்திரத் தாளம் நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது என்பதற்கு இவை சாட்சி.

புது வெளியீடுகளைத் தொடர்வது

வாரந்தோறும் வெளியாகும் டெக்னோ பாடல்களை ஒருவரால் கேட்டு முடிக்க முடியாது. அனுபவசாலிகள் ஆளைத் தொடர்வதைவிட லேபிளைத் தொடர்கிறார்கள். லேபிள் என்பது ஓர் ஆசிரியர் குழு மாதிரி. அதன் ரசனை நம் ரசனையோடு ஒத்துப்போனால், பெயர் தெரியாத புதியவரையும் நம்பி வாங்கலாம். பழையவற்றில் டெட்ராயிட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ், பெர்லினின் டிரெசார் இரண்டும் பாடநூல்கள். இன்றைய பெரிய மேடைகளின் ஒலியை அறிய பெல்ஜியத்தின் ஷார்லோட் டி விட்டே நடத்தும் கேஎன்டிஎக்ஸ்டி லேபிள் உதவும். டெல்லியில் கோஹ்ரா நடத்தும் கில்லா ரெக்கார்ட்ஸ், ஜலேபி கார்ட்டெல் குழுவில் தொடங்கி உலக மேடைகளுக்குப் போன அர்ஜுன் வாகலேயின் வெளியீடுகள், கொழும்பில் அஸ்வஜித் நடத்தும் ஜம்புடெக் ஆகியவை நம் பக்கத்து முகவரிகள்.

வாங்குமிடங்கள் இரண்டு. பீட்போர்ட் டிஜேக்களின் கடை. அதில் டெக்னோ இரண்டு பிரிவாக இருக்கிறது: நள்ளிரவு உச்சத்துக்கான வேகமான வகை ஒன்று, முரடும் ஆழமும் கொண்ட வகை இன்னொன்று. இரண்டாவதில் தேடுவது புதியவருக்கு அதிகம் கற்றுத்தரும். பேண்ட்கேம்ப் கலைஞருக்கு நேரடியாகப் பணம் போகும் இடம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் அந்தத் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. வாங்கும் பட்டியலை அந்த நாளுக்காகச் சேர்த்து வைப்பது நல்லது. வாரத்துக்கு ஒரே ஒரு இ.பி. வாங்கி, அதன் மூன்று நான்கு பாடல்களையும் மனப்பாடமாகும்வரை கேட்பவர், ஆண்டு முடிவில் 150-க்கும் மேற்பட்ட பாடல்களைக் கைரேகைபோல அறிந்திருப்பார். ஓர் இரவை நடத்த அது தாராளம்.

நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது

கூடுவாஞ்சேரியிலிருந்து இரண்டு திசைகள். ஒன்று, ரயிலேறி நகருக்குள்: நட்சத்திர விடுதிகளின் கிளப்புகள். அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய தி பார்க் விடுதியின் பாஷா அவற்றில் நெடுங்காலப் பெயர். மற்றொன்று, நெல்லிக்குப்பம் சாலையில் திருப்போரூர் வழியாகவோ, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகவோ கடற்கரைக்கு: கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) விடுதிகள் அவ்வப்போது நடத்தும் நிகழ்ச்சிகள்.

கோவளத்தில் 2013-ல் தொடங்கிய அலைச்சறுக்கு, இசை, யோகா விழா நல்ல முன்மாதிரி. கோவளத்து மீனவ இளைஞர் மூர்த்தி மேகவனும் தொழில்முனைவோர் அருண் வாசுவும் வளர்த்த அலைச்சறுக்குப் பள்ளியிலிருந்து கிளைத்தது அது. காலையில் யோகா, பகலில் அலைமேல் போட்டி, மாலையில் மேடை. ஊர்க்காரர்கள் பகலிலேயே விழாவின் பகுதியாக இருந்ததால் இரவின் இசை அவர்கள்மேல் வந்து விழுந்ததாக இல்லை.

டிக்கெட் எடுக்கும் முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, யார் எவ்வளவு நேரம் வாசிக்கிறார்கள். ஒரே மாலையில் எட்டு டிஜேக்கள், ஆளுக்கு நாற்பது நிமிடம் என்றால் இசை வளர இடமே இருக்காது. மூன்று பேர், தலைக்கு இரண்டு மணி நேரம் என்பது நல்ல அறிகுறி. இரண்டாவது, மது உரிமம். தமிழகத்தில் மது அருந்தச் சட்டப்படி வயது 21. உரிமம் இடத்துக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டது. 2022 மே மாதம் அண்ணாநகர் வணிக வளாகம் ஒன்றில் வெளிநாட்டு டிஜே வாசித்த நிகழ்ச்சியைப் போலீசார் இடையில் நிறுத்தினர். உரிய அனுமதியின்றி மது பரிமாறப்பட்டதாக வழக்கு வந்தது. அங்கே மயங்கி விழுந்த 23 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். மூன்றாவது, முகவரி. கடைசி மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் மட்டும் இடம் சொல்லும் பண்ணைவீட்டு விருந்துகளைத் தவிர்ப்பதே அறிவு. நான்காவது, முடியும் நேரம். பெரும்பாலான பார்கள் இரவு 11 மணியை ஒட்டி அடங்கிவிடும். எனவே முக்கிய டிஜே ஒன்பது மணிக்கே ஏறிவிடுவார். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தால் கதவடைப்பைத்தான் பார்க்க முடியும்.

காதும் கடைசி வண்டியும்

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இசை அரங்குகளில் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அதே நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலில் மிஞ்சுவது வாரத்துக்கு அரை மணிக்கும் குறைவு. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்பவர்கள் இதை அறிவதில்லை. இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பான் ஒலியைச் சீராகக் குறைக்கும், இசையைக் கெடுக்காது. மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளியே வந்து நிற்பதும் உதவும். வீடு திரும்பியபின் காதில் ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை. அடுத்த வாரம் ஓய்வு தர வேண்டும்.

திரும்பும் வழியை டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். கடற்கரை–செங்கல்பட்டு மின்ரயில் நள்ளிரவை ஒட்டி ஓய்ந்து விடியுமுன் மீண்டும் தொடங்கும். ஞாயிறு அட்டவணை வேறு, பராமரிப்பு நாட்களில் அதுவும் மாறும். ஈசிஆர் பக்கம் போனால் சிக்கல் கூடுதல். மாமல்லபுரத்திலிருந்து இரவில் மேற்கே வர வண்டி கிடைப்பது அரிது. நான்கு பேர் சேர்ந்து, குடிக்காத ஒருவர் ஓட்டும் காரோ, முன்பணம் கொடுத்துப் பேசிவைத்த வாடகைக் காரோதான் வழி. கிளம்பும்போது வீட்டில் ஒருவருக்கு இடத்தின் பெயரும் திரும்பும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181.

மேசைக்குப் பின்னால்

டிஜே கலையைப் பணமே செலவழிக்காமல் தொடங்கலாம். மிக்ஸ் என்ற திறமூல மென்பொருள் எந்தச் சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். கை பழகியபின் இரண்டு டெக் கொண்ட சிறு கன்ட்ரோலர் போதும். முதல் மாதம் வேகத்தைத் தானாகப் பொருத்தும் 'சிங்க்' பொத்தானைத் தொடாமல், இரண்டு பாடல்களின் கிக்கையும் காதால் ஒன்றாக்கப் பழக வேண்டும். இரண்டாம் மாதம் எண்ணிக்கை: 64 அடிப் பகுதியின் தொடக்கத்தில் புதுப் பாடலைத் திறந்துவிடுவது. மூன்றாம் மாதம் பாஸ் மாற்று: ஒரே நேரத்தில் இரண்டு பாடல்களின் பாஸும் ஒலிக்காதபடி, ஒன்றை இறக்கும் கணத்தில் மற்றதை ஏற்றுவது. டெக்னோவில் இந்த மாற்று நீளமானது. இரண்டு பாடல்கள் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றாக ஓடி மூன்றாவது பாடல் ஒன்று பிறந்ததுபோல் ஒலிக்க வேண்டும்.

கிளப்புகளில் பெரும்பாலும் பயனியர் சிடிஜே பிளேயர்களே இருக்கும். பென்டிரைவை ஃபேட்32 முறையில் அமைத்து, பாடல்களை வேவ் அல்லது 320 தர எம்பி3-யாக வைத்தால் பழைய பிளேயரும் படிக்கும். அதேபோல் இன்னொரு பென்டிரைவ் சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஜிஎஸ்டி சாலையின் கல்யாண மண்டபங்கள் இந்த வட்டாரத்தின் உண்மையான டிஜே பள்ளிக்கூடங்கள். வரவேற்பு நிகழ்ச்சிகளிலும் கோயில் திருவிழாக்களிலும் செட் போடும் அண்ணன்களுக்கு, கேபிள் சுற்றுவதிலிருந்து சப் ஸ்பீக்கர் அடுக்குவதுவரை அத்தனையும் தெரியும். அவர்களுக்கு ஒரு சீசன் கூடமாட உதவினால் கூட்டத்தைப் படிக்கும் கலை கைவரும். குத்துப்பாட்டிலிருந்து டெக்னோவுக்கு மாற நினைப்பவர் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். குத்து பெரும்பாலும் திஸ்ர நடை, ஓர் அடிக்குள் மூன்று. டெக்னோ சதுஸ்ர நடை, ஓர் அடிக்குள் நான்கு. அடிகளின் வேகத்தை ஒன்றாக்கினாலும் உள்ளடிகள் ஒன்றோடொன்று மோதும். ஆகவே இரண்டு பாடல்களிலும் கிக் மட்டும் தனித்து நிற்கும் இடத்தில் மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் ஆடுகிறவர்களின் கால் இடறாது.

ஊரிலேயே ஒரு மாலை

ஒலி மாசு விதிகள் (2000) தெளிவானவை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்திலும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. காவல் நிலைய அனுமதி, இடத்தின் உரிமையாளர் ஒப்புதல், பதிவு செய்த இசையைப் பொதுவில் ஒலிக்க பிபிஎல், ஐபிஆர்எஸ் உரிமங்கள் ஆகியவற்றை ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். மதுவைத் தவிர்த்துவிட்டால் பாதிச் சிக்கல் குறையும். 2023-ல் அரசு கொண்டுவந்த சிறப்பு மது உரிமத்திலிருந்து கல்யாண மண்டபங்கள் எதிர்ப்புக்குப்பின் நீக்கப்பட்டன.

கடற்கரை மணலில் நடத்தும் ஆசையை, குறிப்பாக ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கைவிடுவது நல்லது. பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடும் காலம் அது. வெளிச்சம் குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். இந்த ஆமைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பில் உள்ளவை.

சிறு மண்டபமோ, மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அரங்கமோ போதும். அறுபது எழுபது பேர். ஓடு பதித்த தரையும் வெற்றுச் சுவரும் ஒலியைச் சிதறடிக்கும்; ஜமுக்காளமும் கனமான திரையும் அதை அடக்கும். 40 ஹெர்ட்ஸ் பாஸின் ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம்; சாதாரணச் சுவர் அதைத் தடுக்காது. சப் ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் வைக்காமல், ஒலிச்சோதனையின்போது ஒருவர் தெருவுக்குப் போய்க் கேட்டுவர வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இரண்டு நாள் முன்பே நேரில் போய், முடியும் நேரத்தைச் சொல்லி, அமைப்பாளரின் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். மூன்று மணிக்கு ஒலிச்சோதனை. நான்கரைக்குக் கதவு திறப்பு. ஆறரை வரை ஊர்ப் புதியவர் ஒருவர் 120-ஐ ஒட்டிய வேகத்தில், உரையாடலுக்கு இடம் விட்டு வாசிப்பார். ஆறரையிலிருந்து எட்டு வரை இரண்டாமவர் 128-க்கு ஏற்றுவார். எட்டிலிருந்து ஒன்பதரை வரை முக்கிய டிஜே, 135 வரை போகலாம். ஒன்பதரைக்கு வேகத்தைக் குறைத்து, ஒன்பதே முக்காலுக்கு விளக்கைப் போட்டுவிட வேண்டும். தண்ணீர், எலுமிச்சைச் சாறு, சுண்டல் மண்டப வாசலில். பெண்களுக்குத் தனிக் கழிவறையும், புகார் சொல்ல அடையாளப் பட்டி அணிந்த இரு பெண் தன்னார்வலர்களும் கட்டாயம். மூன்று செட்டையும் மிக்சரிலிருந்து நேரடியாகப் பதிவு செய்து வைத்தால், அடுத்த நிகழ்ச்சிக்கு டிஜேக்களைத் தேர்ந்தெடுக்கவும், நகரத்து கிளப்புகளுக்குப் புதியவரை அறிமுகப்படுத்தவும் அதுவே கையில் இருக்கும் ஆதாரம்.